அசையாமல் ஒரு மழைக்காலம்

பவானிபூரில் டிராம் போகிற பெரிய சாலையை விட்டு ஆதி கங்கைக் கால்வாய்ப் பக்கமாக இறங்கினால், சந்துகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து போகும். அப்படி ஒரு சந்தின் கோடியில், அக்கம்பக்கத்தார் தீதி, அதாவது அக்கா, என்று கூப்பிடுகிற ஹேமாங்கினியின் வீட்டுக் கீழ்க்கட்டில், வைத்தீஸ்வரனும் அனந்தலக்ஷ்மியும் குடித்தனம் வைத்திருந்தார்கள். தலைநகரம் டில்லிக்குப் போய்விட்டதென்று ஊரே பேசிக்கொண்டிருந்த காலம். சர்க்கார் ஆபீஸ்களில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் சில மூட்டை கட்டிவிட்டன. வைத்தீஸ்வரன் வேலை பார்த்தது சணல் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில். சணலும் ஹூக்ளி ஆறும் இருந்த இடத்திலேயே இருந்ததால் அவனும் இருந்துவிட்டான்.

அனந்தத்துக்கு அப்போது ஏழாம் மாதம். அதற்கு முந்தைய கர்ப்பம் நாலாம் மாதத்திலேயே கலைந்து போயிருந்தது. அதனால் இந்தத் தடவை அவள் மாதங்களை வாய்விட்டு எண்ணுவதில்லை. சீமந்தத்தைச் சுருக்கமாகக் கல்கத்தாவிலேயே முடித்துவிட்டார்கள். பிரசவத்துக்கு அழைத்துப் போக மாயவரத்திலிருந்து அவள் அப்பா வெங்கடராமன் வருவதாக ஏற்பாடு.

அவர் வருவதற்குச் சில நாள் முன்னால் ஒரு காலை. முற்றத்துக் குழாயடியில் அனந்தம் தவலையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு எழுந்தாள். காலடியில் ஓடிய தண்ணீர் சிவப்பாக இருந்தது. வலி எதுவும் இல்லை. அதுதான் அவளை ஏமாற்றியது. தவலையின் செம்பு தேய்ந்து நிறம் விடுகிறதோ என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். அப்புறம்தான் புடவை காலோடு ஒட்டுவது தெரிந்தது. மாடி வராந்தாவில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஹேமாங்கினி தீதி கீழே பார்த்தாள். அவள் கூச்சல் போடவில்லை. கையிலிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு இறங்கி வந்து, அனந்தத்தைத் தோளோடு அணைத்து உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்தாள். தலையணையைத் தலைக்கு வைக்காமல் காலுக்கடியில் வைத்தாள். ஆறு பெற்று மூன்றை வளர்த்தவள் அவள்.

டாக்டர் நிஸ்தாரிணி சர்க்கார் வந்தபோது ரத்தம் தானாகவே நின்றிருந்தது. டாக்டரம்மா பிரம்ம சமாஜத்துக் குடும்பத்துப் பெண்; காலில் பூட்ஸ், மூக்கில் தங்கக் கண்ணாடி. வயிற்றின் மேல் கையை வைத்து வெகு நேரம் தடவிப் பார்த்தாள். குழந்தையின் தலை இறங்காமல் ஒரு பக்கமாக ஒதுங்கி மிதந்துகொண்டிருந்தது. உள்ளே கை விட்டுப் பார்க்க மாட்டேன், வீட்டில் வைத்து யாரையும் பார்க்க விடவும் கூடாது, மருத்துவச்சியாக இருந்தாலும் சரி என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பார்க்கப் போய் மறுபடி ரத்தம் பெருகினால் நிறுத்த இங்கே வசதி கிடையாது. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அனந்தத்துக்குப் புரிகிற எளிய வங்காளியில் விளக்கினாள். மேலே ஒட்டிக்கொண்டிருக்க வேண்டிய நஞ்சுக்கொடி கீழே, குழந்தை வெளியே வருகிற வழியருகே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று தோன்றுகிறது. வழி திறக்கத் திறக்க அது பிய்ந்துகொள்ளும், ரத்தம் வரும். வழியை முழுக்க மூடியிருக்கிறதா, ஓரமாக இருக்கிறதா என்பது இப்போது தெரியாது. பிரசவம் வரை படுத்தே இருக்க வேண்டும். குனியக் கூடாது, தூக்கக் கூடாது. ரயிலை நினைக்கவே கூடாது.

"மறுபடி வருமா?" என்று அனந்தம் கேட்டாள்.

"வரும். எப்போது என்றுதான் சொல்ல முடியாது."

அன்றைக்கே கட்டிலின் கால்மாட்டுப் பக்கம் செங்கல் வைத்து உயர்த்தினார்கள். அனந்தம் படுத்தாள்.

வெங்கடராமன் ஹௌராவில் வந்து இறங்கியபோது கையில் ஒரு டின் முறுக்கு, ஒரு டின் பொருள்விளங்கா உருண்டை, சுகப்பிரசவத்துக்காகத் திருக்கருகாவூர் அம்மன் சந்நிதியில் வைத்து எடுத்த விளக்கெண்ணெய் ஒரு சீசா எல்லாம் இருந்தன. மகளைக் கூட்டிக்கொண்டு நாலு நாளில் திரும்புவதாக மனைவி மீனாக்ஷியிடம் சொல்லிவிட்டு வந்தவர். மீனாக்ஷிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு நடமாட்டம் இல்லை. அவளால் வர முடியாது. மாப்பிள்ளை சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் டின்களைக் கீழே வைத்தார். பிறகு குளித்து, ஜபம் முடித்து, சமையலறைக்குள் போய் அடுப்பைப் பார்த்தார். அடியில் கரி பிடித்த சாதம் ஒரு பானையில் இருந்தது. வைத்தீஸ்வரன் ஆபீஸ் போகுமுன் வைத்தது.

"மாப்ளே, நீங்க ஆபீஸப் பாருங்கோ. இந்தப் பக்கம் நான் பாத்துக்கறேன்," என்றார்.

அவருக்குச் சமையல் தெரியும். ஆனால் கோயில் உற்சவ சமாராதனைக்குச் சமைத்துத்தான் பழக்கம். முதல் நாள் வைத்த ரசத்தை மேல்கட்டில் இருந்தவர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் குடித்தும் மிச்சம் இருந்தது. பட்டோல் என்று இங்கே விற்கிற காயை அவர் அதுவரை கண்டதில்லை. கோவைக்காய்க்குப் பெரியப்பாவாட்டம் இருக்கே என்று சொல்லி, தேங்காய் போட்டுக் கறி பண்ணினார். அனந்தம் படுத்தபடியே, உள்ளே இருக்கிற கடினமான விதையை எடுத்துட்டு நறுக்குங்கோ அப்பா என்று குரல் கொடுப்பாள். அவள் கட்டில் இருந்த இடத்திலிருந்து அடுப்படி தெரியாது. ஆனால் கடுகு வெடிக்கிற சத்தத்தை வைத்தே எண்ணெய் காய்ந்தது போதுமா என்று சொல்லிவிடுவாள்.

முற்றத்துக்கு அந்தப் பக்கம் ஹேமாங்கினியின் சமையலறை. இவர்கள் குடிவந்த நாள் முதல் மீன் பொரிக்கும்போது அவள் ஜன்னலைச் சாத்திவிடுவது வழக்கம். படுத்த சில நாளில் அனந்தம், அந்த ஜன்னலைத் திறந்தே வையுங்கள் தீதி என்று கேட்டுக்கொண்டாள். நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக் கிடப்பவளுக்கு அந்தக் கரண்டிச் சத்தமும், வேலைக்காரியை அவள் அதட்டுவதும் துணையாக இருந்தன. மீன் வாடை முதலில் குமட்டியது. பிறகு பழகிவிட்டது. அப்பா மட்டும் அந்த நேரம் பார்த்து வாசல் பக்கம் போய்விடுவார்.

ரத்தம் ஆனி நடுவில் ஒருமுறை எட்டிப் பார்த்தது, கொஞ்சம்தான். ஆனால் வைத்தீஸ்வரன் அதற்குப் பிறகு இருப்புக் கொள்ளாதவனாகிவிட்டான். வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் வாசற்படியில் வந்து நின்று, இப்ப எப்படி இருக்கு என்று கேட்பான். ஒன்றுமில்லை என்றால் போவான். கைகால் கழுவிவிட்டு மறுபடி வருவான். அவன் கேட்கும்போதெல்லாம் அனந்தத்துக்கு உடம்பை ஒருமுறை உள்ளே தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. நனைந்திருக்கிறதா, நனையவில்லையா. அவன் போன பிறகும் அந்தத் தேடல் நிற்காது. ஒரு சாயங்காலம் அவள் அவனைக் கட்டிலருகே உட்காரச் சொன்னாள்.

"ஏன்னா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டேளே?"

"சொல்லு."

"ஆபீஸ் போறச்ச ஒரு தரம் கேளுங்கோ. வந்து ஒரு தரம் கேளுங்கோ. நடுவுல கேக்காதீங்கோ. ஏதானும்னா நானே கூப்பிடுவேன்."

அவன் தலையை ஆட்டினான். அவன் கை விரலெல்லாம் ஆபீஸ் மசி. அதைத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"இன்னொண்ணு. பயமா இருக்குன்னு நான் சொன்னா, பயப்படாதேன்னு சொல்லாதீங்கோ. ஆமா, எனக்கும் பயமா இருக்குன்னு சொல்லுங்கோ. அது போறும்."

"ஆமா," என்றான் வைத்தீஸ்வரன். விரலை வேட்டியில் துடைத்துவிட்டு, "எனக்கும் பயமாத்தான் இருக்கு," என்றான்.

அதைச் சொன்ன பிறகு இருவரும் ஏதேதோ பேசினார்கள். ஆபீஸில் புதிதாக வந்திருக்கிற துரை வெயில் தாங்காமல் ஐஸ் பெட்டிமேல் காலை வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுவதைச் சொன்னான். அவள் வயிறு குலுங்காமல் சிரிக்கப் பழகியிருந்தாள்.

ஆடி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. கல்கத்தா மழை மாயவரத்து மழை போல இடித்து மின்னி ஓய்கிற மழை இல்லை. நாள் முழுக்க ஒரே கனமாக இறங்கும். ஒரு நாள் ஆதி கங்கையில் கடலேற்றத்து நீர் ஏறுகிற நேரமும் மழையும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. சாக்கடைகள் எதிர்த்து வந்தன. சந்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். முற்றம் நிறைந்து, அனந்தத்தின் அறைப் படி வரை வந்து தொட்டுக்கொண்டு நின்றது. வெங்கடராமன் அரிசி மூட்டையையும் பருப்பு டின்களையும் பரண்மேல் ஏற்றினார். கட்டிலுக்குக் கீழே இன்னும் சில செங்கல் வைத்தார். வெளியே யாரோ ஒருவன் பால் பாத்திரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நீந்துகிறாற்போல் போனான். அடுத்த தெரு முனையில் ஒரு குதிரை வண்டி அச்சு வரை மூழ்கி நிற்பதாகவும், குதிரையை மட்டும் அவிழ்த்துக் கொண்டுபோய்விட்டதாகவும் மாடியிலிருந்து ஹேமாங்கினி சொன்னாள்.

அனந்தம் தலையைத் திருப்பி அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அது அசையவில்லை. ஒரு வாழை மட்டையும் யாருடையதோ ஒரு கட்டைச் செருப்பும் மிதந்தன. இன்றைக்கு வந்தால் என்ன ஆகும் என்று நினைத்தாள். பயத்தோடு நினைக்கவில்லை, கணக்குப் பார்க்கிற மாதிரி நினைத்தாள். வண்டி வராது. பல்லக்குத் தூக்குகிற ஒரியாக்காரர்களும் இந்தத் தண்ணீரில் வர மாட்டார்கள். டாக்டரம்மாவுக்குச் சேதி போகாது. அப்பா எண்ணெய்ச் சீசாவை எடுத்துக்கொண்டு நிற்பார். இவர் ஆபீஸிலிருந்து திரும்பியிருக்கவே மாட்டார். படுத்துக்கிடந்து இத்தனை நாளும் காத்தது எதற்கு?

அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீர் இரண்டாம் நாள் வடிந்தது. வானம் வெளுத்தது. டாக்டரம்மா வழக்கமாக வந்து பார்க்கிற நாள் அது. அனந்தம் அவளிடம் நேராகவே கேட்டாள்: நான் இப்பவே ஆஸ்பத்திரிக்கு வந்து படுத்துக்கொள்ளலாமா?

நிஸ்தாரிணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். ரத்தப் போக்கு இல்லாதவர்களைச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் இல்லை, ஆனால் நான் சொன்னால் நடக்கும் என்றாள். உன் வீட்டு ஆண்கள் ஒத்துக்கொள்வார்களா என்று கேட்டாள். பிறகு, நீயாகக் கேட்டதால் ஒன்று சொல்லிவிடுகிறேன் என்று குரலைத் தாழ்த்தினாள். அந்த நேரம் வரும்போது முதலில் உன் உயிரைத்தான் பார்ப்பேன். குழந்தையை அதற்குப் பிறகுதான். அதைத் தெரிந்துகொண்டு வா.

அனந்தம் சரி என்றாள். டாக்டரம்மா போன பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள். அப்பா சாப்பாடு கொண்டுவந்தபோது ஒன்றும் நடக்காததுபோல் சாப்பிட்டாள்.

சாயங்காலம் இருவரையும் வைத்துக்கொண்டு பேச்சை எடுத்தாள். வெங்கடராமனுக்கு அது தாங்கவில்லை.

"ஆஸ்பத்திரியா? நம்மாத்துப் பொண்ணுகள் யார் போயிருக்கா? நம்ம பக்கத்துல ஆஸ்பத்திரிக்குத் தூக்கிண்டு போனாவே ஆள் இனிமே இல்லைன்னு அர்த்தம். உடம்பு முடியாம போறச்சே போனா ஒரு நியாயம். இப்போ நீ நன்னாத்தானே இருக்கே? ரத்தம் நின்னு எத்தனையோ நாளாச்சு."

"நன்னா இருக்கச்சேதான் போகணும்ப்பா. முந்தாநேத்து வாசல்ல நின்ன தண்ணிய நீங்களும் பாத்தேளோன்னோ? அந்தத் தண்ணில என்னை எப்படித் தூக்கிண்டு போவேள்?"

"தினமுமா தண்ணி நிக்கும்?"

"தினமும் நிக்காது. என்னிக்கு நிக்கும்னு நமக்குத் தெரியாது. எனக்கு என்னிக்கு வரும்னும் தெரியாது. ரெண்டும் ஒரே நாள்ல வந்துடப்படாதுன்னு வேண்டிண்டு படுத்திருக்க என்னால முடியலைப்பா."

வெங்கடராமன் மேல்துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார். "அங்க கிறிஸ்தவச்சி தொட்டது, எல்லா ஜாதியும் சமைச்சது. என்னத்தச் சாப்பிடுவே? உங்கம்மாக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"அம்மாக்குப் பொண்ணு இருக்கான்னு பதில் சொல்லுங்கோ."

மாமனாருக்கு எதிரே வைத்தீஸ்வரன் அதிகம் பேசுகிறவன் இல்லை. இப்போது, நாளைக்குக் காலையிலேயே பல்லக்குக்குச் சொல்லிவிடுகிறேன், மழை இல்லாதபோதே போய்விடலாம் மாமா என்றான். வெங்கடராமன் அவனைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு எழுந்து சமையலறைக்குப் போனார். பாத்திரங்களை நகர்த்துகிற சத்தம் கேட்டது. உள்ளிருந்தபடியே சொன்னார்: "சாப்பாடு நான் கொண்டுவந்து கொடுத்துடறேன். அங்கே பச்சைத் தண்ணி தொட வேண்டாம்."

அவர் உள்ளே இருக்கையில்தான் அனந்தம் கணவனிடம் டாக்டரம்மா தாழ்ந்த குரலில் சொன்னதைச் சொன்னாள். அவன் அவள் பாதத்தின்மேல் கையை வைத்தான்.

"நானும் அதைத்தான் கேப்பேன், அனந்தம்," என்றான். "உன்னை முதல்ல."

ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டு நீளமானது, உயர்ந்த ஜன்னல்கள். அனந்தத்துக்கு ஓரத்துக் கட்டில் கிடைத்தது. அடுத்த கட்டிலில் ஒரு மார்வாடிப் பெண், அதற்கடுத்ததில் ஒரு ஆங்கிலோ இந்திய ரயில்வேக்காரர் மனைவி. யாருக்கும் யார் பாஷையும் சரியாகத் தெரியாது. ஆனாலும் யார் வயிற்றில் குழந்தை புரள்கிறது, யாருக்கு நெஞ்செரிச்சல் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வெங்கடராமன் தினமும் தூக்குப் பாத்திரத்தோடு டிராமில் எஸ்பிளனேட் வரை வந்து, அங்கிருந்து நடந்து வந்துவிடுவார். மடியாகக் கொண்டுவர வேண்டுமென்பதால் யார்மேலும் படாமல் படியோரம் நின்றபடியே வருவார். வார்டுக்குள் ஆண்களை விட மாட்டார்கள். சுசீலா என்ற கிறிஸ்தவ நர்ஸ் பாத்திரத்தை வாங்கப் போனால், கீழே வைத்துவிட்டு விலகிக்கொள்வார். அவள் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. உன் அப்பா என்னைக் கண்டால் பாம்பைக் கண்டவர்போல் ஒதுங்குகிறார் என்று அனந்தத்திடம் சிரிப்பாள். ஆனால் பாத்திரம் ஆறுமுன் கொண்டுவந்து கொடுத்துவிடுவாள்.

அங்கே வந்த பிறகு அனந்தத்துக்குத் தூக்கம் வந்தது. பயம் போய்விடவில்லை. ஆனால் அது அவள் ஒருத்தியின் பொறுப்பாக இல்லை. மணியடித்தால் வருகிற ஆள் இருந்தாள். டாக்டரம்மா அந்த வளாகத்திலேயே குடியிருந்தாள்.

ஆடி முடிகிற சமயம் ஒரு விடியற்காலை மழை ஆரம்பித்தது. நன்றாக வெளிச்சம் வந்த பிறகு அனந்தத்துக்குத் தொடையோரம் சூடாக எதுவோ பரவியது. இந்த முறை அவளுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. மணியை அடித்தாள். சுசீலா போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு வேகமாக நடந்து போனாள், ஓடவில்லை. அனந்தம் அதைக் கவனித்தாள். ஓடாதது அவளுக்குத் தைரியமாக இருந்தது.

எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொண்டு நிஸ்தாரிணி முதல் தடவையாக உள்ளே கை விட்டுப் பார்த்தாள். அவள் முகத்தையே அனந்தம் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மாவின் புருவம் கொஞ்சம் இறங்கியது. நஞ்சுக்கொடி ஓரமாகத்தான் இருக்கிறது, வழியை மூடவில்லை என்றாள். பனிக்குடத்தை உடைத்துவிடப் போகிறேன். தண்ணீர் வடிந்தால் தலை கீழே இறங்கும். இறங்கி அந்த இடத்தை அழுத்திப் பிடித்தால் ரத்தம் நிற்கும். நிற்காவிட்டால் வேறு வழி பார்ப்பேன்.

உடைத்தாள். வயிற்றை இரண்டு பக்கமும் பிடித்துக் குழந்தையின் தலையை நேராகக் கொண்டுவந்து, மேலேயிருந்து அழுத்தி, அகலத் துணியால் இறுக்கிக் கட்டினாள். பிறகு காத்திருந்தார்கள். சுசீலா துணிகளை மாற்றிக்கொண்டே இருந்தாள். முதலில் எடுத்த துணி நனைந்து கனத்திருந்தது. அடுத்ததும் அப்படித்தான். அனந்தத்தின் உதடு வெளுத்து, காதில் வண்டு பறப்பது போல் ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. அவள் அம்மாவை நினைத்தாள். பிறகு நினைக்க முடியாமல் போனது. அப்புறம் வந்த துணியில் கறை குறைந்திருந்தது. அதற்கடுத்த துணியைச் சுசீலா எடுத்து டாக்டரம்மாவிடம் காட்டினாள். அது ஏறக்குறைய வெளுப்பாகவே இருந்தது. அதன் பிறகுதான் வலி பிடித்தது. இத்தனை மாதம் வலியில்லாமல் பயந்தவளுக்கு அந்த வலி அறிமுகமான ஒன்றாக இருந்தது. எல்லாப் பெண்களும் படுகிற வலி.

பிற்பகலில் பெண் பிறந்தது. மாதம் நிறையாத குழந்தை. உள்ளங்கை இரண்டை ஏந்தினால் அடங்கிவிடும். முதலில் அழவில்லை. டாக்டரம்மா அதன் முதுகைத் தேய்த்து, வாயைத் துடைத்து, மறுபடி தேய்த்தாள். பிறகு ஒரு சின்னச் சத்தம், கதவு கீல் முனகுகிறாற்போல். சுசீலா அதைப் பஞ்சில் பொதிந்து, இரண்டு பக்கமும் வெந்நீர்ப் புட்டி வைத்து, அனந்தத்தின் அருகில் வைத்தாள்.

வெளியே ஊர் முழுக்கத் தண்ணீர். டிராம் நின்றுவிட்டது. பவானிபூர் சந்துகளில் இடுப்பளவு என்று யாரோ சொன்னார்கள். வீட்டிலிருந்து யாரும் வர முடியாது என்று அனந்தத்துக்குத் தெரிந்தது. சுசீலா ஒரு கிண்ணத்தில் கஞ்சி கொண்டுவந்து கரண்டியை நீட்டினாள். அனந்தம் வாயைத் திறந்தாள்.

சாயங்காலம் வார்டு வாசலில் பேச்சுக்குரல் கேட்டது. வெங்கடராமனும் வைத்தீஸ்வரனும் நின்றார்கள். கழுத்து வரை நனைந்து, வேட்டியெல்லாம் சேறு. தூக்குப் பாத்திரத்தை ஒருவர் மாற்றி ஒருவர் தலையில் வைத்துக்கொண்டு பவானிபூரிலிருந்து நடந்தே வந்திருந்தார்கள். சேதி அவர்களுக்குத் தெரியாது. சுசீலாதான் சொன்னாள். தாயும் பிள்ளையும் சுகம் என்பதை வங்காளியிலும் இங்கிலீஷிலும் கைஜாடையிலும் சொன்னாள். அன்றைக்கு மட்டும் சட்டத்தைப் பாராமல் டாக்டரம்மா அவர்களைக் கட்டிலைச் சுற்றியிருந்த திரை வரை வரச் சொன்னாள்.

வைத்தீஸ்வரன் பஞ்சுப் பொதியைப் பார்த்தான். அனந்தத்தைப் பார்த்தான். திரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சாதம் நனையலை," என்றார் வெங்கடராமன். "மூடி இறுக்கமா இருந்தது. மோர் சாதந்தான். கொஞ்சம் சாப்பிடறியா?"

"நான் சாப்பிட்டாச்சுப்பா. சுசீலா கஞ்சி கொடுத்தா."

வெங்கடராமன் சுசீலாவைப் பார்த்தார். அவள் கறைத் துணிகளைக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய வெள்ளை அங்கியின் முன்பக்கம் முழுவதும் அவர் மகளின் ரத்தம் உலர்ந்திருந்தது.

"கஞ்சில உப்புப் போட்டிருந்தாளா?" என்று கேட்டார்.

"சக்கரை போட்டிருந்தாப்பா. நன்னா இருந்தது."

"சரி," என்றார். தூக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர், காலையிலிருந்து மாப்பிள்ளையும் ஒன்றும் சாப்பிடவில்லை என்றார். இருவரும் வராந்தாவுக்குப் போய், ஈரமில்லாத ஒரு மூலையாகப் பார்த்து உட்கார்ந்தார்கள். சுசீலா இரண்டு தட்டும் ஒரு கூஜாத் தண்ணீரும் கொண்டுபோய் வைத்தாள். வெங்கடராமன் விலகி உட்காரவில்லை. பசி அவருக்கு.

அனந்தம் குழந்தையின் பக்கம் முகத்தைத் திருப்பினாள். அது ஒரு தரம் தும்மியது. மழைக் காற்று படுகிறதோ, பஞ்சு போதாதோ, மூக்கு அடைத்திருக்கிறதோ என்று ஒவ்வொன்றாகத் தோன்றியது. இனிமேல் இப்படிக் கவலைப்பட எத்தனையோ இருக்கும்: பால் குடிக்கிறதா, பல் முளைக்கிறதா, முற்றத்தில் தண்ணீர் நிற்கும்போது படியிறங்கிவிடுமா. அந்த நினைப்பு அவளுக்குப் பிடித்திருந்தது. போர்வையின் ஓரத்தை இழுத்துக் குழந்தையின் தலைக்கு மறைப்பாக வைத்துவிட்டுக் கண்ணை மூடினாள்.